மனிதக் குரலும் மின்னிசைப் பெட்டியும்

நம் பக்கத்துக் கோவில்களில் ஞாயிறு திருப்பலிக்குச் செல்பவர்கள் பாடற்குழு நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தால், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் கொண்ட நீண்ட பெட்டி ஒன்று தாங்கியின் மேல் இருப்பதைக் காணலாம். எல்லோரும் கீபோர்டு என்று சொல்லும் அக்கருவிக்கு நரம்பு இல்லை, துருத்தி இல்லை, தோலும் இல்லை. ஆயினும் ஒரு பொத்தானை அழுத்தினால் அது புல்லாங்குழலாகிறது. மற்றொன்றை அழுத்தினால் வயலினாகிறது. இன்னொன்றை அழுத்தினால் தபேலாவும் அதற்குள்ளிருந்தே ஒலிக்கிறது.

இக்கருவியைப் பற்றிப் பெரியவர்களிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. “இது வந்த பிறகுதான் பாட்டுக்கு எடுப்பு வந்தது” என்பார் சிலர். “இது வந்த பிறகுதான் மக்கள் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்” என்பார் வேறு சிலர். இவற்றுள் எது சரி? இந்தப் பெட்டி எப்படிப் பாடுகிறது, எங்கிருந்து வந்தது, கிறிஸ்தவப் பாடலில் எவ்வாறு இடம் பெற்றது என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் தேடித் தெரிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் தருகிறோம்.

ஒலி பிறக்கும் விதம்

மேசை விளிம்பில் ஓர் அடிக்கோலை வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தட்டிப் பாருங்கள். அது அதிர்ந்து ‘டொய்ங்’ என்று ஒலிக்கும். நீளத்தைக் குறைத்தால் அதிர்வு விரைவாகும், ஒலியும் உயரும். எல்லா இசைக் கருவிகளுக்கும் இதுவே அடிப்படை. ஒரு பொருள் நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் மேல்நாட்டு இசையில் ‘ஏ’ எனப்படும் சுரம் பிறக்கிறது. அதிர்வு 880 ஆனால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும்.

வீணையும் குழலும் ஒரே சுரத்தை இசைத்தாலும் இது வீணை, இது குழல் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோமே, அது எப்படி? ஒரு கருவி ஒலிக்கும்போது அடிப்படை அதிர்வோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் மெல்லியதாகச் சேர்ந்து ஒலிக்கின்றன. எது எவ்வளவு சேர்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒரே அரிசியும் பருப்பும் கொண்டு பொங்கலும் செய்யலாம், கிச்சடியும் செய்யலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இதை மின்சாரத்தால் செய்வதே சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி. அதில் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. முதலாவது, நொடிக்கு இத்தனை முறை என்று அலையை உண்டாக்கும் மின்சுற்று. இரம்பப் பல் போன்ற அலையை உண்டாக்கினால் எல்லா மடங்குகளும் அதில் இருக்கும். சதுர அலையை உண்டாக்கினால் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும். இரண்டாவது, வடிகட்டி. காப்பி வடிகட்டி தூளை நிறுத்திவிட்டு வடிநீரை மட்டும் விடுவதுபோல, வேண்டாத மடங்குகளை இது தடுத்துவிடுகிறது. மூன்றாவது, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் பகுதி. வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென்று எழுந்து மெல்லத் தேயும். வயலினிலோ வில் ஓடும்வரை ஒலி நிற்கும். இந்த எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு ஆகிய நான்கையும் திருகிகளால் மாற்றியமைத்து, ஒரே அலையை மீட்டும் கருவிபோலவும் இழைக்கும் கருவிபோலவும் ஒலிக்கச் செய்யலாம். இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலானவை உண்மையான கருவிகளின் ஒலியைப் பதிவு செய்து நினைவில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது அதையே திருப்பித் தருகின்றன.

ஆர்கன் முதல் மூக் வரை

கட்டைகளை அழுத்திப் பலவகை ஒலிகளை எழுப்பும் எண்ணம் புதியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்பே, எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் தெசிபியஸ் என்பவர் நீரழுத்தத்தால் இயங்கும் ஆர்கனை அமைத்தார். பின்னர் ஐரோப்பியக் கோவில்களில் ஆர்கன் மாளிகைபோல் வளர்ந்தது. அதில் ஒவ்வொரு வகைக் குழாய்த் தொகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. மனிதர் பாடுவதுபோல் ஒலிக்க முயலும் ஒரு தொகுதிக்கு ‘வாக்ஸ் ஹியூமானா’ என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் இதற்கு ‘மனிதக் குரல்’ என்று பொருள். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது மீண்டும் வரும்.

பெரிய ஆர்கன் வாங்க இயலாத இடங்களுக்கு ஆர்மோனியம் வந்தது. 1842-இல் பாரிசு நகரில் அலெக்சாந்தர் தெபேன் அதற்குக் காப்புரிமை பெற்றார். தரையில் அமர்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டியை 1875-இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் உருவாக்கினார். நம் பஜனைகளிலும் நாடகங்களிலும் கோவில்களிலும் அது குடிபுகுந்தது. ஆனால் கமகம் அதில் வராது என்பதால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதற்குத் தடை விதித்திருந்தது. இன்று பழமையின் சின்னமாகக் கருதப்படும் ஆர்மோனியமே ஒரு காலத்தில் வேண்டாத விருந்தாளியாக இருந்திருக்கிறது! அதற்கும் முன்னதாக ஐரோப்பாவின் வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். வயலின் இல்லாத கச்சேரியை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா?

1964-இல் அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் மூக் தமது சின்தசைசரை உலகுக்குக் காட்டினார். அது ஒரு சுவர் அலமாரிபோல் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே அதில் எழும். 1968-இல் வெண்டி கார்லோஸ் அக்கருவியைக் கொண்டு ‘சுவிட்ச்டு ஆன் பாக்’ என்னும் இசைத்தட்டை உருவாக்கினார். ஒவ்வொரு சுரவரிசையையும் தனித்தனியே வாசித்து, ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். அவர் எடுத்துக்கொண்ட இசை யாருடையது தெரியுமா? லைப்சிக் நகரில் புனித தோமா ஆலயத்தின் இசைப் பொறுப்பாளராக விளங்கிய செபாஸ்தியான் பாக் இயற்றியது. ஆக, மின்னிசைக் கருவியை வீடுதோறும் அறிமுகம் செய்துவைத்தவரே ஒரு கோவில் இசைஞர் எனலாம். பின்னர் 1970-இல் தூக்கிச் செல்லக்கூடிய மினிமூக் வந்தது. 1983-இல் ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலிக்கவல்ல யமாகா டி.எக்ஸ்.7 வந்தது.

நம் நாட்டிற்கு வந்த வரலாறு

இக்கருவி நம் நாட்டிற்கு மிகத் தாமதமாக வந்தது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் 1969-லேயே அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சின்தசைசர் நிறுவப்பட்டது. அதை அமைத்துத் தந்தவர் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைஞர். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர் பலர் அங்கே மின்னிசை ஆக்கினர். 1969 முதல் 1972 வரை பதிவான அந்த ஒலிநாடாக்கள் நெடுங்காலம் வெளியுலகம் அறியாமல் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

1982-இல் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டு நிறுவனத்தின் மின்கருவிகளைக் கொண்டே பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அதைக் கேட்டவர் சிலரே. 2010-இல் மறுபதிப்பு வந்தபோது உலகமே வியந்தது. தமிழ்த் திரையில் இளையராஜா 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி இசையைப் பயன்படுத்தினார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கீபோர்டு வாசித்துக் குடும்பத்திற்கு உதவிய சென்னைச் சிறுவர் ஒருவர் 1992-இல் ‘ரோஜா’ படத்தின் வழியே புகழ் பெற்றார். அவரே ஏ.ஆர். ரகுமான்.

ஒரு குழுவின் நான்கு இசைத்தட்டுகள்

இனிக் கிறிஸ்தவப் பாடலுக்கு வருவோம். 1970-களின் இறுதியில் மேல்நாடுகளில் ‘நியூ வேவ்’, அதாவது ‘புதிய அலை’ என்னும் இசை வகை பரவியது. சுருக்கமான பாடல், துள்ளும் தாளம், கிதாருக்கு நிகராகச் சின்தசைசர் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த இசையைக் கிறிஸ்தவப் பாடலுக்குக் கொண்டுவந்த குழுக்களில் ஒன்று, கலிபோர்னியாவில் தோன்றிய ‘டேனியல் ஆமோஸ்’. தானியேல், ஆமோஸ் என்னும் இரு இறைவாக்கினரின் பெயர்களையே அக்குழு சூடிக்கொண்டது. அதன் தலைவர் டெரி டெய்லர்.

1976-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் இருந்தது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை. குடும்பத்தோடு அமர்ந்து கேட்கத்தக்க இனிய பாடல்கள் அவை. பிறகு அவர்கள் பாணியை மாற்றினர். 1978-இல் பதிவு செய்த ஒரு தட்டு 1981-இல்தான் வெளியாயிற்று. அதே ஆண்டில் ‘அலார்மா’ என்னும் தட்டும் வந்தது. ஸ்பானிய மொழியில் அபாயக் குரல் என்பது அதன் பொருள். தொடர்ந்து 1983-இல் ‘டாப்பல்கேங்கர்’, 1984-இல் ‘வாக்ஸ் ஹியூமானா’, 1986-இல் ‘ஃபியர்ஃபுல் சிமெட்ரி’ ஆகியவை வெளிவந்தன. இந்நான்கும் சேர்ந்து ஒரே தொடர். ஒவ்வொரு தட்டோடும் டெய்லர் எழுதிய ஒரு கதையின் ஒரு பகுதி அச்சிட்டு வழங்கப்பட்டது. தொடர்கதைக்கு வாரந்தோறும் காத்திருப்பதுபோல் இரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

பழைய பாணியை விரும்பிய பலர் முகம் சுளித்தார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் கருவி மட்டுமா மாறியது? பாடலின் பொருளும் கூர்மையாயிற்று. பிறரைக் குற்றம் சொல்லாமல், ‘விசுவாசி என்று சொல்லிக்கொள்ளும் நீ உண்மையில் யார்?’ என்று தம்மைப் போன்றவரையே கேட்கத் தொடங்கினர். ‘டாப்பல்கேங்கர்’ என்றால் ஒருவரைப் போலவே தோற்றமளிக்கும் மற்றொருவர். கோவிலில் ஒரு முகம், வெளியே ஒரு முகம் என்று வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ?

மூன்றாம் தட்டே எங்களை மிகவும் கவர்ந்தது. நான்கிலும் சின்தசைசரும் மின்தாளமும் மிகுதியாக ஒலிப்பது அதில்தான். அதற்குப் போய் ‘மனிதக் குரல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! ஆர்கனின் அந்தக் குழாய்த் தொகுதியின் பெயரும் இதுவே. அறிவியல் வாக்களித்த பறக்கும் கருவிகள் எங்கே என்று வேடிக்கையாகக் கேட்கும் ஒரு பாடலும் அதில் உண்டு. பொறிகள் பெருகும் காலத்தில் மனிதனின் குரல் எங்கே என்ற கேள்வியைப் பொறியைக் கொண்டே அவர்கள் எழுப்பியதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

நமக்கு அருகில்

அமெரிக்காவை விட்டு நம் அண்டை மாநிலத்திற்கு வருவோம். கேரளத்தில் தோன்றிய ‘ஜீசஸ் யூத்’ என்னும் கத்தோலிக்க இளையோர் இயக்கத்திற்கு ‘ரெக்ஸ்பேண்டு’ என்ற இசைக்குழு உண்டு. ‘ரெக்ஸ்’ என்றால் இலத்தீனில் அரசர். கிதார், டிரம்ஸ், கீபோர்டு ஆகியவற்றோடு பாடும் இக்குழு, 2002-இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த உலக இளையோர் நாளில் பாடியது. புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையாகக் கலந்துகொண்ட கடைசி உலக இளையோர் நாள் அதுவே. தோளில் மாட்டிய கீபோர்டோடு மேடையில் தோன்றும் ஸ்டீபன் தேவசியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்போம். ஒற்றப்பாலத்தில் பிறந்த அவரும் அக்குழுவில் வாசித்தவரே.

நமக்கு இன்னும் அருகில், திருச்சியில், 1977-இல் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி இருக்கிறது. அங்கே நம் மண்ணின் பரதமும் கருநாடக இசையும் கற்பிக்கப்படுகின்றன. விவிலியச் செய்தி அங்கே அபிநயமாகவும் இராகமாகவும் மலர்கிறது. ரெக்ஸ்பேண்டு ஒரு வழி என்றால் கலைக்காவிரி மற்றொரு வழி. இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே.

இசையைப் பதிவு செய்து வைக்கும் ஆசையும் நம் மாவட்டத்திற்குப் புதியதன்று. குடுமியான்மலைப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் ஏழு பண்களுக்கான சுரவரிசைகள் செதுக்கப்பட்டுள்ளன. அது ஒருவகை இசைத்தட்டே! ஆனால் அதை ஓடவிடப் பெட்டி கிடையாது. ஒருவர் அதன் முன் நின்று படித்துப் பாடினாலன்றிப் பாறை பேசாது.

திருச்சபை என்ன சொல்கிறது?

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளிக்க வேண்டும் என்று கூறும் அவ்வேடு, தூய பயன்பாட்டிற்கு ஏற்றவையாகவும் கோவிலின் மாண்புக்கு உகந்தவையாகவும் இருந்தால் பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு ஏற்கலாம் என்கிறது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு இடமளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, திருக்கூட்டம் முழுவதும் தனக்குரிய பாடல்களைப் பாடிப் பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

இதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1958-இல், திருவழிபாட்டு இசை பற்றி உரோமை விடுத்த அறிவுரை ஒன்றும் உண்டு. தானே இயங்கும் ஆர்கன், கிராமபோன், வானொலி, ஒலிநாடாப் பெட்டி ஆகியவற்றைத் திருவழிபாட்டில் இசைக்கக் கூடாது என்று அது தடுத்தது. காரணம் எளிதாக விளங்குகிறது. செபம் என்பது இப்போது, இங்கே, உயிருள்ள மனிதர் செய்வது. நேற்றுப் பதிந்த நாடா இன்று நமக்காகச் செபிக்க இயலாது.

கருவி எளியதாயிருப்பதால் குறையொன்றும் இல்லை. உலகமெங்கும் பாடப்படும் ‘சைலண்ட் நைட்’ என்னும் கிறிஸ்து பிறப்புப் பாடல் 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃப் என்னும் சிற்றூரில் முதன்முதல் பாடப்பட்டபோது துணையாக ஒலித்தது ஒரு கிதார்தான்.

எங்கள் பாடற்குழுவில்

இவ்வளவும் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எப்படிப் பாடுவது என்ற கேள்வி எங்கள் பாடற்குழுவில் எழுந்தது. கைப்பேசியில் கிடைக்கும் இசைப் பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதன்மேல் பாடினால் சினிமாப் பாட்டுப்போல் நிறைவாக இருக்கும் என்றனர் சிலர். கீபோர்டிலேயே தாளப் பொத்தானை அழுத்திவிட்டால் போதும் என்றனர் வேறு சிலர். அப்படியானால் மூன்று ஆண்டுகளாகத் தபேலா கற்றுவரும் எங்கள் தோழி என்ன செய்வாள்? கைகட்டி நிற்பாளா? பொத்தான் தரும் தாளம் பிசகாது என்பது உண்மை. ஆனால் பாடுகிறவர் மூச்சு வாங்கினாலும் அது காத்திராது, பாடுவோர் குரல் தழுதழுத்தாலும் அது தணியாது. நம் தோழியின் கையோ இரண்டையும் செய்யும்.

எனவே நாங்கள் பேசி முடிவு செய்தது இது. பதிவு செய்த இசை வேண்டாம். கீபோர்டு வேண்டும், ஆனால் அது சுருதி தரவும் பாட்டைத் தொடங்கி வைக்கவும் இடையே துணை நிற்கவும் மட்டுமே. தாளம் தபேலாவுக்கு உரியது. வயலின் பொத்தானை அழுத்துவதில்லை, ஏனெனில் வயலின் வாசிப்பவள் நம்மோடு இருக்கிறாள். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சரணத்திற்கு எல்லாக் கருவிகளும் நின்றுவிட, கோவிலில் உள்ள பாட்டிமாரும் குழந்தைகளும் சேர்ந்து பாட வேண்டும். அதற்காகச் சுருதியை நாலரைக் கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறக்கிக்கொண்டோம். எங்கள் குரலின் உச்சத்தைக் காட்டும் வாய்ப்பு இதனால் குறையும் என்று எங்களுள் சிலருக்கு வருத்தமே. ஆனால் அம்மாவும் அத்தையும் நம்மோடு பாட முடியாத உயரத்தில் நாம் மட்டும் பாடி என்ன பயன்?

ஆகவே மின்னிசைக் கருவி நல்லதா, தீயதா என்று கேட்பதைவிட, அது வந்தபின் பாடுவோர் கூடினரா, குறைந்தனரா என்று கேட்பதே முறை. வயலினும் ஆர்மோனியமும் அந்நியமாக வந்து நம்மவை ஆனதுபோல் இதுவும் நம்முடையதாகலாம். ஆர்கன் செய்தவர்களும் சின்தசைசர் இசைத்தவர்களும் தங்கள் படைப்புக்கு விரும்பி வைத்த பெயர் ‘மனிதக் குரல்’ என்பதாயின், அக்குரல் எவ்வளவு உயர்ந்ததாக இருக்க வேண்டும்! அதை இறைவன் காசில்லாமல் நம் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறார். மின்சாரம் நின்றால் கீபோர்டு ஊமையாகிவிடும். அப்போதும் பாட்டு நிற்காமல் தொடர்ந்தால் அதுவே நல்ல பாடற்குழு. அன்புத் தோழியரே, பெற்றோரே, வருகிற ஞாயிறன்று பாட்டுப் புத்தகத்தை மூடி வைக்காமல் வாய் திறந்து பாடுங்கள். சுருதி சற்று விலகினாலும் பாதகமில்லை.